விழுகிற உடம்பை வரைவது

கைப்பேசியில் ஏதாவது ஒரு குத்துச்சண்டைக் காணொளியை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். பத்து முறை நிறுத்தினால் ஏழெட்டு முறை சண்டை மாதிரியே தெரியாத ஒரு படம்தான் கிடைக்கும். இரண்டு பேர் எட்டி எட்டி நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் ஒன்றிரண்டு முறை, கையுறை இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் இருக்கும். குத்து விழுகிற கணம் சிக்கவே சிக்காது. தப்பித்தவறிச் சிக்கினாலும் ஏமாற்றமாக இருக்கும். அடி வாங்கியவரின் கன்னம் ரப்பர் போலக் கோணியிருக்கும். அடித்தவரோ கதவைத் தட்டக் கை நீட்டியவர் போலத் தெரிவார். ஒரு மனுஷனைச் சாய்க்கிற அளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு தடயமும் இருக்காது.

புகைப்படக்காரர்களுக்கும் இதே கதைதான். உலகத்தில் அதிகம் பேர் பார்த்த குத்துச்சண்டைப் படம் எது என்று கேட்டால், 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் நீல் லைஃபர் எடுத்த படத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். சோனி லிஸ்டன் மல்லாந்து கிடக்கிறார். அவருக்கு மேலே வலது கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிக்கொண்டு முகமது அலி கத்துகிறார். அந்தப் படத்தில் குத்து இல்லை, அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. அரங்கில் இருந்த பலருடைய கண்ணிலேயே அது படவில்லை என்பதால் அதை மாயக் குத்து என்று இன்றுவரை சொல்கிறார்கள். அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்னொரு புகைப்படக்காரரின் தலை தெரியும். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

கேமரா தன் முன்னால் நடந்த ஒரு நொடித் துணுக்கை மட்டும்தான் தர முடியும். வரைகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. குத்து கிளம்பிய காலையும் அது போய்ச் சேர்ந்த தாடையையும் ஒரே தாளில் ஒட்டவைக்கலாம், நிஜத்தில் அவை வேறு வேறு நேரமாக இருந்தாலும். இன்றைக்குச் சண்டை விளையாட்டுகளை வரைகிறவர்கள் பலவிதம்: மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை போடுகிறவர்கள், ரிங் ஓரத்தில் நோட்டோடு உட்காருகிறவர்கள், டேப்லெட்டில் போஸ்டர் போடுகிறவர்கள். இவர்களில் கை தேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் துரத்துகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. உடம்பின் எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது, அடுத்த நொடி அது எங்கே சரியப் போகிறது என்பதுதான் அது. அதைப் பிடித்துவிட்டால் முஷ்டியை மங்கலாக விட்டாலும் படம் நிற்கிறது. பிடிக்காவிட்டால் தசை தசையாக நெளித்து வரைந்தாலும் ஜவுளிக்கடைப் பொம்மைதான்.

இந்தப் பேச்சில் ஜார்ஜ் பெல்லோஸைத் தாண்டிப் போக முடியாது. 1882இல் ஒஹாயோவில் பிறந்து, நியூயார்க்கில் வாழ்ந்து, குடல்வால் வெடித்து 42 வயதில் இறந்துபோன ஓவியர். அவருடைய ஸ்டூடியோவுக்கு எதிரேயே டாம் ஷார்க்கி என்ற பழைய குத்துச்சண்டைக்காரரின் மதுக்கடை இருந்தது. அந்த நாளில் நியூயார்க் மாநிலத்தில் பொதுவில் பணத்துக்குக் குத்துச்சண்டை போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தனியார் கிளப்பின் உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டால் தடையில்லை. ஆகவே சண்டைக்காரர்களை அன்று ராத்திரிக்கு மட்டும் உறுப்பினர்களாகச் சேர்த்துக் களத்தில் இறக்கிவிடுவார்கள். அந்தப் புகைமண்டிய கூடத்தை வைத்து 1909இல் பெல்லோஸ் தீட்டிய ஓவியம் இப்போது கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1917இல் அதே காட்சியை, கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கல்லச்சிலும் வரைந்தார்.

அந்தப் படத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு உடம்புகளும் தலையோடு தலை முட்டி, ஓட்டு வீட்டுக் கூரையின் இரண்டு சரிவுகள் போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஒருவர் முழங்காலைத் தூக்கிவிட்டார், ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். முகங்கள் சதையும் நிழலுமாகக் குழம்பி, எது யாருடையது என்று பிரிக்க வராது. ஓர் ஆளைக் கத்தரித்து எடுத்தால் மற்றவர் குப்புற விழுவார். அதாவது ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்தப் பார்க்கிறவர்கள்தான் ஒருவரை ஒருவர் விழாமல் தாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். இப்படி நின்று யாரும் குத்துச்சண்டை போட மாட்டார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது சரியும்கூட. தனக்குக் குத்துச்சண்டை பற்றி எதுவும் தெரியாது, ஒருவரையொருவர் கொல்லப் பார்க்கும் இரண்டு மனிதர்களைத்தான் வரைகிறேன் என்பது பெல்லோஸ் சொன்னதாகப் பிரபலமான பேச்சு. விதி தெரியாதவர் எடையைத் தெரிந்துவைத்திருந்தார்.

அடுத்த படத்துக்கு 14 வருஷம் தள்ளி வர வேண்டும். 1923 செப்டம்பர் 14, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியும் அர்ஜென்டினாக்காரர் லூயிஸ் ஃபிர்போவும் மோதினார்கள். 80,000 பேருக்கு மேல் கூட்டம். முதல் ரவுண்டிலேயே ஃபிர்போ ஏழு முறை விழுந்து எழுந்தார். அந்த மூன்று நிமிஷத்துக்குள்ளேயே, அவர் வீசிய ஒரு குத்தில் டெம்ப்சி கயிறுகளைத் தாண்டிப் பத்திரிகைக்காரர்களின் மேசைமேல் போய் விழுந்தார். கீழே இருந்தவர்கள் அவரை மறுபடி ரிங்குக்குள் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டின் 57ஆவது விநாடியில் டெம்ப்சி ஜெயித்தார். ஒரு நாளிதழுக்காகப் படம் வரைய அங்கே உட்கார்ந்திருந்தவர் பெல்லோஸ்.

ஜெயித்தவர் டெம்ப்சி. பெல்லோஸ் எடுத்துக்கொண்டதோ அவர் விழுந்த கணத்தை. முதலில் கல்லச்சுகளாக வரைந்தார், 1924இல் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். அது நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிர்போ நடுவில் தூண் போல நெட்டையாக நிற்கிறார், கை வீசி முடித்துவிட்ட நிலையில். டெம்ப்சி கயிறுகளுக்கு வெளியே மல்லாக்கச் சரிகிறார், கால்கள் மேலே கிளம்பியிருக்கின்றன. நாம் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே இருக்கிறோம், அவர் நம் மேல்தான் விழ வருகிறார். இடது ஓரத்தில் வழுக்கைத் தலையோடு ஓர் ஆள் இருக்கிறார், அது பெல்லோஸ்தான். கயிறுகள் படுக்கைக்கோடு, ஃபிர்போ செங்குத்து, டெம்ப்சி குறுக்கே ஒரு சரிவு. கணக்குப் போட்டு அமைத்த படம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எனக்கு 1909ஆம் வருஷத்துப் படம்தான் பெரிது, அதில் வியர்வை நாற்றம் வருகிறது. ஆனால் விழுதல் என்றால் என்ன என்று ஒரு மாணவருக்குக் காட்ட வேண்டுமானால் 1924ஆம் வருஷத்துப் படத்தைத்தான் காட்டுவேன்.

இதில் ஓர் ஆச்சரியமான பின்கதை உண்டு. அப்படி விழுந்த டெம்ப்சி, 1950இல் குத்துவது எப்படி என்று கோட்டுப் படங்களோடு ஒரு கையேடு வெளியிட்டார். கையின் பலத்தால் குத்துவது அவருக்குக் குத்தே இல்லை. உடம்பின் எடையை முன்காலில் வைத்துக்கொள், அந்தக் காலைச் சட்டென்று தூக்கினால் உடம்பு தானாக முன்னால் விழும், கால் மறுபடி தரையைத் தொடுவதற்குள் விழுகிற எடையை முஷ்டி வழியாக எதிராளியிடம் சேர்த்துவிடு என்கிறார். விழும் காலடி என்பதே அதற்கு அவர் வைத்த பெயர். ஆகக் குத்து என்பது கட்டுக்குள் இருக்கிற ஒரு விழுதல். அடித்தவரும் விழுகிறார், வாங்கியவரும் விழுகிறார். ஒருவருக்கு ஊன்றிக்கொள்ள எதிராளியின் தாடை இருக்கிறது, மற்றவருக்கு ஒன்றும் இல்லை. பெல்லோஸின் கூரைச் சரிவு உடம்புகளைச் சண்டைக்காரர் ஒருவரே வார்த்தையில் விளக்கியது போல இருக்கிறது இது.

ஓவியப் பள்ளிகளில் மனித உருவம் வரையச் சொல்லித்தரும்போது ஒரு பழைய பாடம் உண்டு. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல, கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள். நிற்கிறவரின் எடை ஒரே காலில் இருந்தால் நூல் அந்தக் காலின் கணுக்காலில் வந்து முடியும். இரண்டு காலிலும் பகிர்ந்திருந்தால் நடுவில் வந்து முடியும். நூல் பாதங்களுக்கு வெளியே போய்விட்டால் அந்த ஆள் விழுகிறார் என்று அர்த்தம். சண்டை வரைகிறவருக்கு வேலையே அந்த வெளியே போன நூலோடுதான்.

ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் சில மாலைகள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நிமிஷம் சண்டை, ஒரு நிமிஷம் ஓய்வு, சுவரில் இருக்கிற கடிகாரம் மணி அடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் முகத்தையும் கையையும் பிடிக்கப் பார்த்தேன், தாள்தான் தீர்ந்தது. பிறகு பயிற்சியாளரைக் கவனித்தேன். அவர் பையன்களின் கையைப் பார்க்கவே இல்லை, குனிந்து காலைப் பார்த்துத்தான் அதட்டினார். அன்றிலிருந்து ஷூக்களை மட்டும் வரைந்தேன். பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பித் திரும்பும்போது தரை விரிப்பில் ஒரு கிறீச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த கையோடு பையில் அடி விழும். குதிகால் திரும்பிய கோணத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் மேலே இருப்பதை நாலே கோட்டில் முடித்துவிடலாம்.

இதை மங்காக்காரர்கள் வெகுகாலமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மொரிகாவா ஜோஜி 1989இல் ஒரு ஜப்பானிய வார இதழில் தொடங்கிய ‘ஹாஜிமே நோ இப்போ’ இன்னும் முடியவில்லை, 1,400 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. வரைந்தவர் சொந்தமாகக் குத்துச்சண்டைக் கூடமும் நடத்துகிறவர். அதில் கதாநாயகனின் பெயர் போன உத்திக்கு டெம்ப்சி ரோல் என்று பெயர். ஆம், அதே டெம்ப்சிதான். படுத்துக்கிடக்கும் எட்டு போல மேலுடம்பு இடமும் வலமும் சுழலும், ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்த எடையோடு ஒரு ஹுக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, விழும். அந்த எட்டைப் படத்திலேயே கோடாகக் காட்டிவிடுகிறார் மொரிகாவா. தலை போன பாதை முழுக்கத் தாளில் இருக்கிறது. கேமராவால் இதை ஒரே படத்தில் தெளிவாகத் தர முடியாது.

ஒரு குத்தை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று கவனிக்க வேண்டும். ஒரு சிறு கட்டத்தில் ஊன்றுகிற பாதம் மட்டும். அடுத்ததில் திருகுகிற இடுப்பு. அப்புறம் தோள். அதன் பிறகு பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பக்க அகலத்துக்கு அடி விழுந்த காட்சி. காலிலிருந்து கைக்கு எடை ஏறிவருகிற அதே வரிசையில் கட்டங்கள் வருகின்றன, வாசகரின் கண் அந்த வழியிலேயே ஏறுகிறது. வேகக்கோடுகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கக் காமிக்ஸில் பெரும்பாலும் ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் கோடுகள் வால் போல நீளும், பின்புலம் அசையாமல் இருக்கும். மங்காவில் பல சமயம் உருவம் கூர்மையாக இருக்கும், பின்புலம் முழுக்கக் கோடுகளாக இழுபடும். முதல் வகையில் நாம் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறோம். இரண்டாவதில் நாமும் கூடவே பாய்கிறோம்.

எடை என்ற விஷயம் ஒரு கதையையே திருப்பிப்போட்டதும் உண்டு. 1968இல் தொடங்கிய ‘அஷிதா நோ ஜோ’ தொடரை வரைந்தவர் சிபா தெத்சுயா, எழுதியவர் வேறொருவர். ரிகிஷி என்ற பாத்திரம் முதலில் தலைகாட்டியபோது, பின்னால் கதாநாயகனுக்கு அவன்தான் நேர்ப் போட்டியாளன் ஆகப்போகிறான் என்பது ஓவியருக்குத் தெரியாது. அவனைக் கதாநாயகனை விட நல்ல உயரமாக, பெரிய உடம்பாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு, பெரியவனும் சின்னவனும் மோத முடியாது. கதாநாயகன் இருந்தது 53.5 கிலோவுக்கு உட்பட்ட பாண்டம் பிரிவு. என்ன செய்வது? ரிகிஷி பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், உடம்பை வற்றவைத்துக்கொண்டு கீழே இறங்கி வருவதாகக் கதை போனது. அந்தச் சண்டையில் ஜெயித்த கையோடு அவன் சாகிறான். 1970 மார்ச்சில் தோக்கியோவில் அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு நிஜமாகவே ஓர் இறுதிச் சடங்கு நடந்தது, சுமார் 700 பேர் வந்தார்கள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து வற்றிக்கொண்டே போன உடம்பை வாராவாரம் தாளில் பார்த்தவர்கள் அவர்கள்.

குத்துச்சண்டையில் இரண்டு உடம்புக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், அது வரைகிறவருக்குப் பெரிய உதவி. மல்யுத்தத்துக்கு வந்தால் அது போய்விடுகிறது. நாலு கை, நாலு கால், எது யாருடையது? இந்தத் தொல்லை மனுஷன் வரையத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் ஏறக்குறைய 4,000 வருஷத்துக்கு முந்தைய கல்லறைகளில் மல்லர் ஜோடிகளைச் சுவர் சுவராகத் தீட்டியிருக்கிறார்கள், ஒரே கல்லறையில் 200 ஜோடிக்கு மேல். ஒருவர் உடம்பு அடர்ந்த நிறம், இன்னொருவர் உடம்பு வெளிர் நிறம். அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இத்தாலியில் 1400களின் தொடக்கத்தில் ஃபியோரே தேய் லிபெரி என்ற வாள் ஆசான் உருவாக்கிய கைப்பிரதிகளில் ஆசான் தலையில் கிரீடமும் மாணவன் காலில் ஒரு பட்டையும் இருக்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 1512இல் ஆல்பிரெக்ட் டியூரரும் நூற்றுக்கு மேற்பட்ட மல்யுத்தப் பிடிகளைக் கோட்டில் வரைந்து வைத்திருக்கிறார், வியன்னாவின் ஆல்பர்ட்டினாவில் இருக்கிறது. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புச் சண்டையை இன்றைக்கு வரைகிறவர்கள் ஒருவரைக் கோடாக மட்டும் விட்டுவிட்டு மற்றவரை மையால் நிரப்புவது பெனி ஹசன் உத்தியேதான்.

சொல்லால் வரைந்தவர்களுக்கும் அதே சிக்கல் வந்திருக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 80ஆவது. அவர் கையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு கால் மல்லனின் மார்பை மடக்கி ஊன்றியிருக்கிறது, இன்னொரு கால் அவன் முதுகுப்புறம் வளைந்து அவன் முயற்சியைத் தடுக்கிறது. பிறகு, பசித்த யானை மூங்கிலை முறிப்பது போல என்று ஓர் உவமை. இரண்டு கால் இருக்கும் இடத்தைச் சொன்னவுடன் அந்தப் பிடி முழுவதும் கண்ணுக்கு வந்துவிடுகிறது. யானை வந்ததும் எடை வந்துவிடுகிறது. அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒருவர் பென்சிலால் சரியாக வரைந்துவிட முடியும்.

கருவிகள் மாறினால் படமும் மாறும். தொழில்முறைக் குத்துச்சண்டைக் கையுறை எடைப் பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ், அதாவது 227 அல்லது 283 கிராம். அதற்குள் விரல்கள் காணாமல் போய்விடுகின்றன. பெரிய உருண்டை ஒன்றுதான் மிச்சம். கை வரையத் தடுமாறுகிற பலருக்கு அது ஒரு சலுகை. 1993இல் யு.எஃப்.சி. என்ற அமெரிக்கப் போட்டி வந்து கலப்புச் சண்டை பரவிய பிறகு, 4 அவுன்ஸ் எடையுள்ள, விரல் திறந்த கையுறை வந்தது. விரல்கள் திரும்பி வந்துவிட்டன. பிடிக்கிற விரல், மணிக்கட்டைத் தேடுகிற விரல், தோற்றுவிட்டேன் என்று எதிராளியின் தோளில் தட்டுகிற விரல். என் கணக்கில் கலப்புச் சண்டைப் படங்களில் அதிகம் பேசுவது இந்தக் கைகள்தான். ஆனால் இந்தச் சண்டை நடக்கிற எண்கோணக் கூண்டின் கம்பி வலை ஒரு தொந்தரவு. பலர் அதை வரையாமலே விட்டுவிடுகிறார்கள். அது தவறு என்று நினைக்கிறேன். கம்பியில் சாய்த்துப் பிடிக்கும்போது எடையில் ஒரு பகுதியை அந்த வலைதான் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் காற்றில் சாய்ந்து நிற்கிறார்கள்.

இணையத்தில் இப்போது கொட்டிக்கிடக்கும் சண்டைப் படங்களில் பெரும்பகுதி புகைப்படத்தின் மேல் ஒற்றி எடுத்தவை, அதிலும் லைஃபரின் அலியை எத்தனை பேர் ஒற்றினார்கள் என்று எண்ண முடியாது. ஒற்றினால் உருவம் கிடைக்கும், தசையும் நிழலும்கூடப் பிசகாமல் கிடைக்கும். எடை கிடைக்காது, ஏனென்றால் அந்த ஒரு நொடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது ஒற்றியவரின் கைக்குத் தெரியாது. ஒரே ஜோடியைப் பத்து நிமிஷம் நேரில் பார்த்துவிட்டு ஞாபகத்திலிருந்து வரைந்த கிறுக்கல் பல சமயம் இதைவிட உயிரோடு இருக்கும்.

சண்டையே நடக்காத சண்டைப் படங்களும் உண்டு. 1885இல் ரோமில் தோண்டி எடுத்த வெண்கலச் சிலை ஒன்றில் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முகத்துக் காயங்களிலும் சொட்டுகளிலும் ரத்தம் தெரியச் செம்பைப் பதித்திருக்கிறார்கள். 1982இல் ஓவியர் ழான் மிஷெல் பாஸ்கியா, ஜோ லூயிஸை மூலையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் ஒளிவட்டம் போட்டு, சுற்றி மேனேஜர்களையும் உதவியாளர்களையும் நெருக்கி நிறுத்தினார். அவர்களைப் பாம்புகள் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். உலக சாம்பியனாக இருந்தும் லூயிஸ் பிற்காலத்தில் வரிப் பாக்கியில் மூழ்கியவர். அடி விழுந்தது ரிங்குக்கு வெளியே. அதை வரைய உட்கார்ந்த உடம்புதான் சரி.

பாஸ்கியா கறுப்பினக் குத்துச்சண்டைக்காரர்களுக்குக் கிரீடமும் ஒளிவட்டமும் சூட்டியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1908இல் ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனபோது, அமெரிக்க நாளிதழ்களின் கேலிச்சித்திரங்கள் அவரைக் குரங்கு போலவும் தடித்த உதடும் முழித்த கண்ணுமாகவும்தான் போட்டன. பெல்லோஸும் இதற்கு வெளியே நின்றவர் இல்லை. 1909இல் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் மோதுவதாக அவர் தீட்டிய இன்னொரு படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இன்றைய தலைப்புக்கு ‘இந்தக் கிளப்பின் இரண்டு உறுப்பினர்களும்’ என்று அர்த்தம். அன்று ராத்திரிக்கு மட்டும் உறுப்பினர் என்ற அந்த ஏற்பாட்டைக் குத்திக்காட்டும் நல்ல தலைப்பு. ஆனால் முதலில் அவர் வைத்திருந்த தலைப்பில் வாயில் எடுக்கக் கூடாத இனவசை இருந்தது. வெள்ளையர் சரிந்துகொண்டிருக்கிறார், கறுப்பர் மேலே ஏறி வருகிறார். எடை யார் பக்கம் என்பதைக் கை சரியாக வரைந்திருக்கிறது. பெயர் வைக்கும்போது வாய் பழைய பழக்கத்துக்குப் போயிருக்கிறது.

இதையெல்லாம் ரிங்குக்குள்ளிருந்தே பார்த்து வரைந்தவர் ஒருவர் உண்டு, முகமது அலி. அவருடைய அப்பா லூயிவில் நகரத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவர், தேவாலயச் சுவர்களிலும் படம் தீட்டியவர். அலிக்கு வரைவதில் ஆசை இருந்தது. 1962இலிருந்தே அவரை ரிங் ஓரத்திலும் உடை மாற்றும் அறையிலும் வரைந்துகொண்டிருந்த ஓவியர் லீராய் நெய்மன் அவருக்கு வரையவும் சொல்லிக்கொடுத்தார். அலி 1978இல் வரைந்த ஒரு படத்தில் கார்ட்டூன் மாதிரி ஒரு ரிங், கை தூக்கி நிற்கும் ஒருவர், விழுந்து கிடக்கும் ஒருவர். விழுந்தவர் நடுவரிடம், இவன் நிஜமாகவே பட்டாம்பூச்சி போல மிதந்தான், தேனீ போலக் கொட்டினான் என்கிறார். உனக்குப் புத்தியிருந்தால் என்னைப் போல ஓடு என்பது நடுவரின் பதில். 2021 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் அது 4,25,000 டாலருக்குப் போனது, மதிப்பிட்டதைப் போலப் பல மடங்கு. தசை வரையவில்லை, நிழல் போடவில்லை. தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரை விழவைத்தவர், விழுந்தவரின் வாயில்தான் வசனத்தை வைத்தார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது. தலையில் விழும் அடிகள் மூளையை என்ன செய்கின்றன என்று குத்துச்சண்டைக்காரர்களை வைத்து 1928இலேயே ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். அலியின் குத்துகளை ஒற்றி வரைகிறவர்கள் இந்தப் படத்தையும் ஒரு முறை பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

குத்துவதையே வரைவதாக்கிய ஓவியர் ஷினொஹாரா உஷியோவையும் சொல்ல வேண்டும். 1932இல் பிறந்தவர், 1960 வாக்கில் தோக்கியோவில் இதைத் தொடங்கினார், பிறகு நியூயார்க்கில் குடியேறினார். பஞ்சு கட்டிய குத்துச்சண்டைக் கையுறைகளை வண்ணத்தில் முக்கி, நீண்ட துணியில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை குத்திக்கொண்டே போவார். ஒரு குத்துக்கு ஒரு கறை, கீழே வழிகிற வண்ணம். அவருடைய எடை முழுக்க அந்தக் கறைகளில் இருக்கிறது. எதிரே நிற்க ஆள் மட்டும் இல்லை.

டெம்ப்சிக்கு வருவோம். சண்டையை விட்ட பிறகு அவர் நியூயார்க் பிராட்வேயில் ஓர் உணவகம் வைத்து வெகுகாலம் நடத்தினார். வாடிக்கையாளர்கள் வந்து கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த உணவகத்துக்காக 1944இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் ஒரு பெரிய சுவரோவியம் தீட்டினார். விரல் நீட்டி ராணுவத்துக்கு ஆள் கூப்பிடும் அங்கிள் சாம் சுவரொட்டியைப் போட்ட அதே ஃபிளாக். அதில் இருப்பது ஃபிர்போ சண்டை இல்லை. 1919 ஜூலை 4 அன்று டொலீடோவில், தன்னைவிட ஏறக்குறைய அரை அடி உயரமான ஜெஸ் வில்லார்டை வீழ்த்திப் பட்டம் வாங்கிய சண்டை. டெம்ப்சி தம்பதி பிற்பாடு அந்த ஓவியத்தை வாஷிங்டனில் இருக்கும் தேசிய உருவப்படக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விட்னியில் அவர் இன்னும் கால் மேலே கிளம்ப விழுந்துகொண்டிருக்கிறார்.